வீட்டைப் பழுது பார்க்க நல்ல மேஸ்திரி

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது பழமொழி. கட்டிய வீட்டைப் பழுது பார்ப்பதும் லேசான வேலை இல்லை. பணம் போகும். நாள் போகும். ஆள் சரியில்லை என்றால், பணமும் நாளும் போன பிறகும் கூரை ஒழுகும்.

பெங்களூரில் மே மாதம் மழை தொடங்கும். செப்டம்பர், அக்டோபரில் நன்றாகப் பிடிக்கும். அப்போதுதான் பலர் மேஸ்திரியைத் தேடி ஓடுகிறார்கள். அவசரத்தில் யார் கிடைத்தாலும் சரி என்று பணத்தைக் கொடுக்கிறார்கள். ஏமாறுவது அங்கேதான்.

ஜனவரி முதல் மார்ச் வரை பெங்களூரில் மழை மிகக் குறைவு. கூரை வேலைக்கு அதுவே ஏற்ற காலம். அப்போது ஆளைத் தேட நேரம் கிடைக்கும். விசாரிக்கவும் நேரம் கிடைக்கும்.

நம்பகமான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பேச்சைக் கேட்டும் சொல்ல முடியாது. ஆனால் வழி இருக்கிறது. அதற்கு ஒரு பென்சிலும், ஒரு நோட்டும், ஓர் அளவு நாடாவும் வேண்டும். நாம் கற்ற எழுத்தும் கணக்கும் இங்கே உதவும்.

முதலில் காரணத்தைத் தேடுவோம்

மருத்துவர் நோயைக் கண்டுபிடித்த பிறகே மருந்து தருகிறார். வீட்டுக்கும் அப்படித்தான். சுவரில் ஈரம் இருக்கிறது என்றால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

மழை நாளில் மட்டும் ஈரம் வந்தால், கூரையிலோ வெளிச் சுவரிலோ குறை இருக்கலாம். கோடையிலும் ஈரம் இருந்தால், குழாய் கசியலாம். சுவரின் அடியில் மட்டும் ஈரம் ஏறினால், அது தரையிலிருந்து வரும் ஓதமாக இருக்கலாம். மாடியில் தண்ணீர் போகும் குழாய் இலைகளால் அடைத்திருந்தாலும் தண்ணீர் தேங்கிக் கூரை ஒழுகும். அதற்கு மேஸ்திரி எதற்கு? நாமே சுத்தம் செய்துவிடலாம்.

கூரை எந்த வகை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெங்களூரில் பல வகைக் கூரைகள் உண்டு. பழைய வீடுகளில் மரச் சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட மெட்ராஸ் ஒட்டு இருக்கும். சில வீடுகளில் கல் பலகைக் கூரை இருக்கும். ஓட்டு வீடும் ஷீட் வீடும் உண்டு. பிறகு வந்தவை கான்கிரீட் வீடுகள்.

சுண்ணாம்புக் கூரையின் மேல் வெறும் சிமென்ட்டைப் பூசினால் ஒட்டி நிற்காது. சிமென்ட் விறைப்பானது. சுண்ணாம்பு கொஞ்சம் இளகிக் கொடுக்கும். வெயிலிலும் குளிரிலும் இரண்டும் ஒரே மாதிரி அசையாது. அதனால் நடுவில் விரிசல் விடும். இப்படிப்பட்ட வீட்டுக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பைப் பதப்படுத்துவது பழைய முறை. அதைப் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். செய்து பழகியவர் விவரமாகச் சொல்வார்.

விரிசல் பேசும்

சுவரில் விரிசல் இருந்தால் பயம் வரும். எல்லா விரிசலும் ஆபத்து இல்லை. பூச்சில் மட்டும் முடி போல் விரிசல் விட்டால் பூசிச் சரி செய்யலாம். சுவருக்குள் இறங்கிய விரிசல் வேறு.

விரிசல் வளர்கிறதா என்று நாமே பார்க்கலாம். விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியை எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது. அப்போது மேஸ்திரி போதாது. கட்டடப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

சுவர் சாய்ந்தாலோ, கூரை தொய்ந்தாலோ, கதவு திடீரென்று இறுகிக்கொண்டாலோ ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. உடனே வெளியே வந்துவிட வேண்டும். 2021 செப்டம்பர் 27 அன்று பெங்களூர் லக்கசந்திராவில் ஒரு மூன்று மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதில் மெட்ரோ ரயில் வேலை செய்யும் தொழிலாளர்கள் தங்கியிருந்தார்கள். ஆபத்தை உணர்ந்து எல்லோரும் முன்பே வெளியே வந்துவிட்டார்கள். அதனால் உயிர் தப்பினார்கள்.

மூன்று பேரிடம் கேட்போம்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஸ்ரீராமபுரத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி தையல் வேலை செய்கிறார். வீட்டுக் கூரை கான்கிரீட். மழை வந்தால் நான்கு இடங்களில் ஒழுகுகிறது. பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிறார்கள். பிள்ளைகளின் பாடப் புத்தகம் நனைந்துவிட்டது. சீட்டு எடுத்த பணம் 40,000 ரூபாய் கையில் இருக்கிறது.

மேஸ்திரி வருவதற்கு முன்பே மனைவி மாடிக்குப் போய் அளந்தார். நீளம் 20 அடி. அகலம் 15 அடி. இரண்டையும் பெருக்கினால் 300 சதுர அடி. நூறு சதுர அடியை ஒரு சதுரம் என்பார்கள். ஆகவே கூரை 3 சதுரம். அதை நோட்டில் எழுதி வைத்தார்.

முதல் மேஸ்திரி வந்தார். அவர் கணவருக்குத் தூரத்து உறவு. மாடியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“நாலு சதுரம் வரும். ஒரு சதுரத்துக்குப் பதிமூணாயிரம். மொத்தம் ஐம்பத்திரண்டாயிரம். முப்பதாயிரம் இப்போ கொடுங்க, நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்” என்றார்.

“அண்ணே, நான் அளந்து பார்த்தேன். மூணு சதுரம்தானே வருது?” என்றார் மனைவி.

“கண்ணால பார்த்தாலே தெரியும்மா. நாடா எதுக்கு?”

“இல்லண்ணே, ஒரு தடவை சேர்ந்து அளந்துடலாம்.”

சேர்ந்து அளந்தார்கள். 3 சதுரம்தான் வந்தது. அவர் சொன்ன விலையிலேயே கணக்கு 39,000 ரூபாய்தான். ஓர் அளவு நாடா 13,000 ரூபாயைக் காப்பாற்றியது.

மூன்றாவதாக வந்த மேஸ்திரி 24,000 ரூபாய் என்றார். மிகவும் குறைவு. “என்னென்ன செய்வீங்க?” என்று கேட்டார்கள். “மேல சிமென்ட் பால் ஊத்தி வெள்ளை அடிச்சிடுவேன்” என்றார். அது மேல்தோல் வேலை. விரிசல் உள்ளே அப்படியே இருக்கும்.

இரண்டாவதாக வந்த மேஸ்திரி உடனே விலை சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்து ஒழுகும் இடங்களைப் பார்த்தார். மாடிக்குப் போய்த் தரையைத் தட்டிப் பார்த்தார். சில இடங்களில் ‘டொப் டொப்’ என்று சத்தம் கேட்டது. “இங்கெல்லாம் பழைய பூச்சு விட்டுப் போச்சு. வெட்டி எடுக்கணும். விரிசலை அகலமாக்கி அடைக்கணும். அப்புறம் தண்ணி நிக்காம வாட்டம் வச்சுப் புதுசாப் பூசணும்” என்றார். பொருளும் கூலியும் சேர்த்து 40,000 ரூபாய் என்றார்.

இந்தத் தொகைகள் கணக்குக்காகச் சொன்னவை. விலை இடத்துக்கு இடம் மாறும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மிகக் குறைந்த விலையும் நல்லதில்லை. மிக அதிக விலையும் தரத்துக்குச் சாட்சி இல்லை. என்ன வேலை, எவ்வளவு அளவு, என்ன பொருள் என்று பிரித்துச் சொல்லும் ஆளே நமக்கு வேண்டும்.

செய்த வேலையைப் போய்ப் பார்ப்போம்

மேஸ்திரியிடம் கேளுங்கள்: “நீங்க முன்னாடி வேலை செஞ்ச மூணு வீட்டைக் காட்டுவீங்களா?”

நேற்று முடித்த வீடு போதாது. நேற்று பூசிய கூரை இன்று அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கண்ட வீட்டைப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. மழையில் மறுபடி ஒழுகியதா?
2. சொன்ன நாளில் வேலையை முடித்தாரா?
3. நடுவில் அதிகப் பணம் கேட்டாரா?
4. குறை என்று கூப்பிட்டபோது வந்தாரா?

நான்காவது கேள்வி முக்கியமானது. நல்ல மேஸ்திரியின் வேலையிலும் சில சமயம் குறை வரும். கூப்பிட்டால் வந்து சரி செய்கிறவரே நம்பகமானவர்.

கர்நாடகத்தில் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்த தொழிலாளருக்கு அட்டை உண்டு. அட்டையைக் காட்டச் சொல்லலாம். ஆள் யார் என்று அதில் தெரியும். ஆனால் அது வேலைத் திறமைக்குச் சான்று இல்லை. பழைய வேலையைப் பார்க்கத்தான் வேண்டும்.

எழுதினால் உறவு கெடுமா?

அந்தக் குடும்பத்தில் கணவருக்குத் தயக்கம்.

“எழுதிக் கொடுங்கன்னு கேட்டா, நம்ம மேல நம்பிக்கை இல்லையான்னு மேஸ்திரி கோவிச்சுக்குவாரு” என்றார்.

“ஏங்க, மளிகைக் கடைக் கணக்கை எழுதுறோம். சீட்டுப் பணத்தை எழுதுறோம். அங்க யாரும் கோவிச்சுக்கலையே. இதை மட்டும் ஏன் எழுதக் கூடாது?” என்றார் மனைவி.

அவர் சொன்னது சரிதான். வாய்ப்பேச்சில் ஒருவர் ஒன்றைச் சொல்வார். மற்றவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார். பிறகு சண்டை வரும். எழுதி வைத்தால் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. ‘பேசியதற்கு மேல் வேலை வாங்கினார்கள்’ என்ற குறை மேஸ்திரிக்கும் வராது.

இரண்டாவது மேஸ்திரியிடம் கேட்டார்கள். “தாராளமா எழுதலாம்” என்றார் அவர். தாளில் இப்படி எழுதினார்கள்.

வேலை: மாடித் தளம், 300 சதுர அடி. பழைய பூச்சை வெட்டி எடுத்தல். விரிசலை அடைத்தல். வாட்டம் வைத்துப் பூசுதல். குப்பையை அகற்றுதல்.
பொருள்: சிமென்ட், மணல், தண்ணீர் புகாமல் தடுக்கும் மருந்து. எல்லாம் மேஸ்திரி பொறுப்பு. கடை ரசீதைக் காட்ட வேண்டும்.
மொத்தத் தொகை: 40,000 ரூபாய்.
தொடங்கும் நாள், முடிக்கும் நாள்: இரண்டும் தேதியுடன்.
குறை வந்தால்: ஓர் ஆண்டுக்குள் ஒழுகினால் மேஸ்திரி கூலி வாங்காமல் சரி செய்ய வேண்டும்.

கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சியாகப் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். இரண்டு பிரதி எழுதி, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள்.

பெங்களூரில் தாள் கன்னடத்தில் இருக்கலாம். ஆங்கிலத்திலும் இருக்கலாம். நமக்குப் படிக்கத் தெரியாத மொழி என்றால், தெரிந்தவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலை நடக்க நடக்கப் பணம்

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்கக் கூடாது. வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பணத்தையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் குடும்பம் இப்படிப் பிரித்தது.

வேலை தொடங்கும் அன்று: 8,000 ரூபாய்
பழைய பூச்சை எடுத்து விரிசலை அடைத்ததும்: 10,000 ரூபாய்
புதிய பூச்சு முடிந்ததும்: 12,000 ரூபாய்
தண்ணீர் நிறுத்திச் சோதித்ததும்: 6,000 ரூபாய்
முதல் பெரிய மழைக்குப் பிறகு: 4,000 ரூபாய்
மொத்தம்: 40,000 ரூபாய்

ஒவ்வொரு முறையும் தேதி எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். கைபேசியில் பணம் அனுப்பினால் அதுவும் ஒரு பதிவுதான். வேலைக்கு முன்னும் பின்னும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பேசிய பணத்தை நாமும் இழுத்தடிக்காமல் கொடுக்க வேண்டும். கொத்தனாரும் சித்தாளும் அன்றாடக் கூலியில் வாழ்கிறவர்கள். பெங்களூர்க் கட்டட வேலைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். வீட்டுக்காரர் பணத்தை நிறுத்தினால் அவர்கள் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். நம்பிக்கை இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

மூட்டையைப் படிப்போம்

சிமென்ட் மூட்டையில் எழுத்தும் எண்ணும் இருக்கும். அதைப் படியுங்கள். எடை 50 கிலோ என்று இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஆண்டில், எந்த வாரத்தில் தயாரித்தது என்றும் இருக்கும். ஓர் ஆண்டுக்கு 52 வாரம். மூன்று மாதம் என்பது 13 வாரம். மூன்று மாதத்துக்கு மேல் பழைய சிமென்ட்டின் பலம் குறைந்திருக்கும். மூட்டைக்குள் கட்டி கட்டியாக இருந்தால் வாங்க வேண்டாம்.

கலவையையும் கவனியுங்கள். ஒன்றுக்கு நான்கு என்றால், ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நான்கு பங்கு மணல். இரண்டையும் ஒரே சட்டியால் அளக்க வேண்டும். தண்ணீர் சேர்த்த கலவையை அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் பலம் இருக்காது.

கூரையின் அடியில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறதா? இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். அது கான்கிரீட்டைத் தள்ளும். அதனால்தான் கட்டியாக உதிர்கிறது. துருவின் மேலேயே பூசினால் மறுபடி உதிரும். உதிரும் பகுதியை எல்லாம் தட்டி எடுக்க வேண்டும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். துருத் தடுப்பு மருந்து பூசிய பிறகே கலவை வைக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளரிடம் காட்டுங்கள்.

பூசிய பிறகு ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். இதை நீராற்றுதல் என்பார்கள். மேஸ்திரிகள் ‘கியூரிங்’ என்பார்கள். குறைந்தது 7 நாள் வேண்டும். சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாள் வேண்டும். இதை யார் செய்வது என்றும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். தண்ணீர் விடாத பூச்சு, பாலில்லாத பிள்ளை போல் பலமில்லாமல் போகும்.

கடைசியில் சோதனை. தண்ணீர் போகும் வழியை அடைத்து, மாடியில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். ஒரு நாள் முழுவதும் விடுங்கள். கீழே ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஆனால் பலமில்லாத கூரையில் இதைச் செய்யக் கூடாது. 300 சதுர அடியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 700 லிட்டர். அதாவது 700 கிலோ பாரம்.

ஏமாந்தால் எங்கே போவது?

முதலில் மேஸ்திரியிடம் பேசுங்கள். கேட்காவிட்டால் குறையைத் தேதியுடன் எழுதி, ஸ்பீட் போஸ்ட் தபாலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பிறகு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1993-இல் வீடு கட்டும் வேலையும் அதில் சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில், லக்னோ வளர்ச்சி ஆணையம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வீடு கட்டித் தருவது ஒரு சேவை. அதில் குறை இருந்தால் கட்டித் தரும் அரசு அமைப்பும் பதில் சொல்ல வேண்டும். இதுதான் அந்தத் தீர்ப்பு. பிறகு 2019-இல் புதிய சட்டம் வந்தது. 2020 ஜூலை 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வழி கேட்க 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். நாம் தினக்கூலி கொடுத்து, நம் சொற்படி வேலை வாங்கிய ஆள் மீது பொதுவாக இங்கே புகார் செய்ய முடியாது. ஒப்பந்தம் பேசி விட்ட வேலைக்கே இது பொருந்தும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச உதவி கிடைக்கும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் உதவி உண்டு. அதன் எண் 15100.

எங்கே போனாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எழுதிய தாள் இருக்கிறதா?”

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. நூறு சதுர அடி என்பது ஒரு ________.
2. ஒரு சிமென்ட் மூட்டையின் எடை ________ கிலோ.
3. பூசிய பிறகு குறைந்தது ________ நாள் தண்ணீர் விட வேண்டும்.

ஆ. கணக்குப் போடுங்கள்.
ஒரு மாடியின் நீளம் 18 அடி. அகலம் 10 அடி. சதுர அடிக்கு 110 ரூபாய் என்றால் மொத்தம் எவ்வளவு?

இ. கலந்து பேசுங்கள்.
உங்கள் தெருவில் நல்ல வேலை செய்யும் மேஸ்திரி யார்? அவரை நல்லவர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஈ. எழுதுங்கள்.
உங்கள் வீட்டில் செய்ய வேண்டிய ஒரு பழுது வேலைக்கு ஒப்பந்தத் தாள் எழுதிப் பாருங்கள். வேலை, அளவு, பொருள், தொகை, நாள், குறை வந்தால் என்ன என்ற ஆறும் அதில் இருக்க வேண்டும்.